இருநூறு அடிக்கு ஒரு டிரைவர்

எங்கள் ஊரில் ஒரே ஒரு லாரி. அதற்கு இரண்டு டிரைவர்கள். மதராஸ் போய் வருவது, செய்யாற்று மணலில் இறங்கி மாகறல் பக்கம் கரையேற்றுவது, காடு மேடெல்லாம் ஓட்டுவது என் நைனா. மேலத்தெரு முனையிலிருந்து முதலாளி வீட்டுக் களம் வரைக்கும், கூடிப்போனால் இருநூறு அடி, ஓட்டுவது முதலாளியின் தங்கை மகன். ஏனென்றால் அந்தத் தெருவில் சேரி ஆள் போகக்கூடாது. லாரியில் உட்கார்ந்திருப்பவன் கால் தரையில் படாதே என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. நைனா முனையில் இறங்கி, டயர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பு வழியாகச் சுற்றிப்போய் களத்தின் பின்பக்கம் நிற்பார்.

இதைச் சொன்னால் சிலருக்கு இன்றைக்கும் கசக்கும். கசக்கட்டும். அதற்கு முந்தின வருஷம் என் சித்தப்பா அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனார் என்று தென்னை மரத்தில் கட்டிவைத்து உச்சிவெயில் வரை நிற்க வைத்தார்கள். அவர் கையில் கயிறு பதிந்த தடத்தை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது நான் ஆறாம் வகுப்பு.

அந்த லாரி யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டது. உள்ளே ஒரு லீவரை இழுத்தால் பின்சக்கரத்தோடு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். எந்தச் சேற்றிலும் நிற்காது. ஆனால் தார் ரோட்டில் சும்மா போகும்போதும் முன்பக்கத்து இரும்பெல்லாம் கூடவே சுற்றிக்கொண்டு பெட்ரோலைக் குடிக்கும். பெட்ரோல் என்றாலே முதலாளிக்கு வயிறு எரியும். முன்சக்கரத்தின் நடுவில் மாட்டுகிற, திருகு வைத்த ஹப் ஒன்று விற்கிறது, அதைத் திருப்பி விட்டால் முன்சக்கரம் தனியாகக் கழன்று சும்மா உருளும், பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொல்ல, மதராஸில் பழைய ஜோடி ஒன்றை வாங்கிவந்துவிட்டார். மாட்டுவதற்குக் காஞ்சிபுரத்திலிருந்து மெக்கானிக் வரட்டும் என்றார்.

"மெக்கானிக் எதுக்கு மொதலாளி? பர்மா சண்டையில நான் இன்னா மாடா மேச்சிக்கினு இருந்தேன்?" என்றார் நைனா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் புங்கமரத்தடியில் வேலை நடந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆறு போல்ட்டையும் கழற்றி, மரக்கட்டையால் நாலு தட்டு தட்டினார். பழைய மூடித்தகடு கிரீஸோடு கையில் வந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவியது நான். கிரீஸ் ஒழுகாமல் இடையில் வைக்கிற பேக்கிங் இல்லை என்று என் பூகோள நோட்டு அட்டையைக் கிழித்து வெட்டினார். அதற்கு நான் அழுததும் உண்மை. உள்ளே அச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பி வளையம் ஒன்று தெறித்துப் புல்லில் விழுந்துவிட்டது. அரை நாள் தேடினோம். கடைசியில் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று அதைக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

புது ஹப்பின் திருகைச் சுற்றி இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள். நைனாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். "இது இன்னா எழுத்துன்னு பாரும்மா" என்றார். ஒன்று எல், இன்னொன்று எஃப் என்று படித்துச் சொன்னேன். எல் பக்கம் திருப்பினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்கும், எஃப் பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதில் எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாசம் முதலாளி மகளுக்குக் கல்யாணம் வந்தது. உத்திரமேரூரிலிருந்து சர்க்கரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார் நைனா. சர்க்கரை கிடைக்காத காலம். மூன்று நாள் மழையில் ஊரே சேறாகக் கிடந்தது. தார் ரோடு முடிந்த இடத்தில் இறங்கி இரண்டு ஹப்பையும் எல்லுக்குத் திருப்பினார். லாரி மண்பாதையில் ஜம்மென்று வந்தது.

மேலத்தெரு முனையில் நின்றோம். தங்கை மகன் வெள்ளை வேட்டியோடு தயாராக நின்றிருந்தார். நைனா இறங்கினார். முன்சக்கரங்கள் இரண்டையும் குனிந்து தொட்டுவிட்டு, "லீவர இழுத்துக்கினு நேரா போங்க, சின்னவரே" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். திருகு எஃப்பில் நின்றது! ஐயோ, நைனா எழுத்தை மாற்றிப் பார்த்துவிட்டாரே, வண்டி மாட்டினால் இவரைத்தானே மரத்தில் கட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே என் பக்கத்துச் சக்கரத்தின் திருகை எல்லுக்குத் திருப்பிவிட்டேன். அந்தப் பக்கம் ஓடுவதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் முன்பக்கம் இழுக்கவே இழுக்காது என்பது எனக்குத் தெரியாது.

பாதித் தெருவில், பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை இறங்கின. சின்னவர் மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் இறங்கியது. வேட்டி போன போக்கைச் சொல்ல வேண்டாம். மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாயில் நாலு கிழிசல். மூட்டை தூக்கத் தெரிந்தவர்களெல்லாம் சேரியில் இருந்தார்கள்; அவர்கள் தெருவுக்குள் வரக்கூடாது. தெருவில் இருந்தவர்கள் மூட்டை தூக்க மாட்டார்கள். எல்லோரும் வாசலில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

முதலாளி குடையோடு ஓடி வந்தார். முனையில் பீடி குடித்துக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாடா வேடிக்க பாத்துக்கினு கீற? வந்து எடுடா வண்டிய!"

நைனா நகரவில்லை. "தெருவுல வரலாமா மொதலாளி?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டார்.

முதல் தூறல் தார்ப்பாயில் விழுந்தது. முதலாளி ஒருமுறை வாசல்களைப் பார்த்தார், ஒருமுறை மூட்டைகளைப் பார்த்தார்.

"வாடா" என்றார்.

நைனா போனார். செருப்போடு போனார். அந்தச் சேற்றில் புத்தியுள்ளவன் எவனும் செருப்போடு நடக்க மாட்டான்; அடிக்கு அடி அது மாட்டிக்கொள்ளும், பிடுங்கி எடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு அடியையும் பிடுங்கிப் பிடுங்கி, அவசரமே இல்லாமல் நடந்தார். அந்தப் பக்கத்துச் சக்கரத்தைக் குனிந்து திருப்பினார். நான் திருப்பிவைத்த பக்கம் வந்து குனிந்தவர் அப்படியே நின்றார். நிமிர்ந்து தெருமுனையில் நின்ற என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏறி உட்கார்ந்தார். லாரி ஒரு உறுமல் உறுமி, முன்சக்கரத்தால் பிடித்து இழுத்து, சேற்றை இரண்டு பக்கத்துச் சுவர்களிலும் வாரியடித்துக்கொண்டு மேலே வந்தது. களம் வரைக்கும் ஹாரனிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை.

மறுநாளும் அவர் முனையில் இறங்கவில்லை. இந்த ஹப் தன் கைக்குத்தான் பழக்கம் என்று சொல்லிவிட்டார். தெருக்காரர்கள் சிலர் முதலாளியிடம் சண்டைக்குப் போனார்கள். அப்படியானால் அடுத்த மழைக்கு நீங்களே வந்து தள்ளுங்கள் என்றாராம் அவர். யாரும் தள்ள முன்வரவில்லை.

ஆனால் வண்டி மாட்டிய அன்றைக்குச் சாயங்காலம் ஏரிக்கரையில் வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு நைனாவை நினைத்துப் பாவமாக இருந்தது.

"நைனா, நீ எல்லுன்னு நெனச்சி எஃப்புல வச்சிட்ட. நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறக்கும்படி சிரித்தார்.

"ஆமாம்மா. எனக்கு எங்க எழுத்து தெரியுது? யார்கிட்டயும் சொல்லிடாத, இன்னா?"

சத்தியம் செய்து கொடுத்தேன். அதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து ஐந்து சாயங்காலம் அவரை உட்கார வைத்து, சிலேட்டில் எல்லையும் எஃப்பையும் மாற்றி மாற்றி எழுதிக் காட்டினேன். வேலை முடிந்து வந்த களைப்போடு அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சொன்னார். ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொடுத்துவிட்டேனே என்று எனக்கு என்னை நினைத்தே பெருமையாக இருந்தது.