புங்க இலையும் ப்ளீச்சிங் பவுடரும்

"உன்னால முடியுமா?" என்று யாராவது கேட்டுவிட்டால் சங்கமித்ராவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஸ்ரீராம்புரத்துச் சந்தில் வளர்ந்து, இன்று கல்லூரி ஆய்வகத்தில் இலைச்சாற்றைக் கொண்டு கிருமி கொல்லும் வெள்ளி நுண்துகள் செய்கிற ஆராய்ச்சி மாணவி அவள். முடியுமா என்ற கேள்வியெல்லாம் எப்போதோ பழசாகிவிட்டது.

அவள் தேர்ந்தெடுத்தது புங்கம். பெங்களூரில் தெருவுக்குத் தெரு நிற்கிற, ஊரார் ஹொங்கே என்கிற மரம்தான். இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் வெள்ளி நைட்ரேட்டை விட்டால், கொஞ்ச நேரத்தில் டிக்காஷன் நிறத்துக்கு மாற வேண்டும். மாறினால் துகள் பிறந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் அப்படித்தான் மாறியது. பிறகு யார் கண் பட்டதோ, ஒவ்வொரு முறையும் அரிசி களைந்த தண்ணீராகவே வெளுத்தது.

அவளுடைய வழிகாட்டி மஞ்சுநாத் பொறுத்துப் பார்த்தார். "இன்னொரு வாட்டி வெள்ளையா வந்தா ஹொங்கே பேடாம்மா, விட்டுடு. வேற செடி பாரு."

வேறு செடி என்றால் இதுவரை பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். "மரத்து மேல தப்பில்ல சார். எங்கயோ குளோரைடு நுழைஞ்சு வெள்ளிய வெளுக்க வைக்குது. கண்டுபிடிச்சிடறேன்" என்றாள்.

தண்ணீரை மாற்றினாள், குடுவைகளை மாற்றினாள். சந்தேகப்படாதது இலை ஒன்றைத்தான். அதைப் பறித்துத் தருபவள் அம்மா விஜி அல்லவா? விஜி மாநகராட்சியில் தெரு கூட்டுகிறவள். அந்த மரம் நிற்பதும் அவள் கூட்டுகிற தெருவில்தான்.

மறுநாள் விடிந்ததும் சங்கமித்ராவும் அம்மாவோடு போனாள். விஜி இலைகளைப் பறித்து, ஓரமாக இருந்த வாளியில் அமுக்கினாள். குப்பென்று நெடி அடித்தது.

"என்னம்மா இது?"

"ப்ளீச்சிங் தண்ணி. கிருமி ஆராய்ச்சின்னு நீ சொன்னதுலேர்ந்து இதுல ஊற வச்சு, காய வச்சுத்தான் குடுக்கறேன். விஜி பொண்ணு அழுக்கு இலை கொண்டாந்துட்டான்னு அங்க ஒருத்தர் சொல்லக் கூடாது பாரு."

சங்கமித்ராவுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடி சிரிப்பு வந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. வெள்ளியை வெளுக்க வைத்த குளோரைடு அந்தத் தண்ணீரில்தான் இருந்தது.

"இன்னிக்கு வேற பறிச்சு அப்படியே குடும்மா. அழுக்க நான் பாத்துக்கறேன்."

அன்று ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, சாறெடுத்து, வெள்ளி நைட்ரேட்டை விட்டாள். குடுவை மெல்லப் பழுப்பேறியது. மஞ்சுநாத் எட்டிப் பார்த்து, "ஆயித்து பிடு, முடிஞ்சுது!" என்றார்.

"இன்னும் இல்ல சார். கிருமி ஒத்துக்கணும்."

துகளைப் பிரித்து, வெள்ளி நைட்ரேட் மிச்சமில்லாமல் அலசி, கிருமி பூசிய தட்டின் ஒரு குழியில் விட்டாள். பக்கத்துக் குழியில் வெறும் இலைச்சாறு. மறுநாள் தட்டைப் படம் பிடித்து, நேராக அம்மாவிடம் வந்து போனை நீட்டினாள்.

துகள் இருந்த குழியைச் சுற்றி வட்டமாகத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. "பெருக்கின வாசலாட்டம் இருக்கு" என்றாள் விஜி. அடுத்த குழியைச் சுற்றிக் கிருமி அப்படியே படர்ந்து கிடந்தது. "இது என்னா?"

"வெறும் சாறு."

"இவ ட்யூட்டிக்கே வரல போல."

சங்கமித்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். "இனிமே ஹொங்கேய மாத்தச் சொல்ல எவராலயும் முடியாதும்மா."

விஜி படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப நாளைக்கும் பறிச்சுத் தாரேன். அழுக்காவே."