அக்காவுக்கு விமானப் பயம் இருக்கவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. தம்பி என்ற முறையில் எழுதும்படி கேட்டார்கள். எழுதியே ஆகவேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது.

அக்கா குருநகரில் கடற்றொழிலாளி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். அம்மா இறந்ததும் எட்டாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்தி, என்னைப் படிக்க அனுப்பினார். நான் ஆசிரியரானேன். அவர் இளவயதிலேயே கணவரை இழந்தார். இடம்பெயர்ந்து அலைந்த காலத்திலும் ஒரே மகளை வளர்த்து ஆளாக்கினார். மகள் கனடா போனபின் அக்காவும் மணம் செய்யாத நானும் ஒரே வீட்டில் இருந்தோம். என் சாப்பாடு, உடுப்பு, மருந்துக் குளிசை எல்லாம் அவர் பொறுப்பு. மாதா கோயிலில் பூசை முடிந்தால் நின்று கதைக்கமாட்டார். எனக்குத் தேநீர் போட ஓடிவருவார்.

ஒவ்வொரு நத்தார், கிறிஸ்மஸ் பண்டிகைக்கும் தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, பேத்திமார் இருவரோடும் இஞ்சி பிஸ்கற் வீடு கட்டுவார். அவர்கள் அங்கே, இவர் இங்கே. சுவர்களையும் கூரையையும் அயல் பேக்கரிப் போறணையில் சுட்டெடுப்பார். மார்கழி மழை ஈரத்தில் ஐசிங் சீனி இறுகாது, கூரை வழுக்கும். அக்கா தென்னை ஈர்க்கை முறித்துக் குத்தி நிறுத்துவார்.

"அம்மம்மா அளாப்புறா, கள்ள ஆட்டம்! ஈர்க்குச் சாப்பிடேலாது!" என்பாள் மூத்தவள்.

"எங்கடை மழைக்கு உதுதான் மோனை. நீ உன்ரை கூரையைப் பார், சரியுது."

"அப்ப நீங்கள் வந்து பிடியுங்கோவன்!"

மூன்று ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு விசா கிடைத்தது. சூட்கேசில் முதலில் வைத்தது ஓர் ஈர்க்குக் கட்டு.

"தம்பி, நத்தாருக்குக் கனடா போட்டு வரட்டே? மூண்டு மாசம்தான்."

"போங்கோ. திரும்பி வரேக்கை நான் இருந்தால் பாப்பம்" என்றேன்.

எனக்கு அப்போது பெரிய நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. தனியே இருக்கப் பயந்தேன், அவ்வளவுதான். அக்கா சூட்கேசைத் திறந்து ஈர்க்குக் கட்டை எடுத்து அலுமாரியில் வைத்தார்.

அன்று மாலை பேத்திமாரிடம், "எனக்குப் பிளேனெண்டால் சரியான பயம் மோனை" என்றார்.

"பயந்தாங்கொள்ளி அம்மம்மா!"

அக்காவும் சேர்ந்து சிரித்தார். காற்றுக்காலத்தில் அப்பாவின் வள்ளத்தில் எழுந்து நின்று போன பெண் அவர். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அடுத்த நத்தாருக்கும் அதே கேலி, அதே சிரிப்பு. விசா முடிந்துபோனது.

சென்ற ஆண்டு காய்ச்சலில் படுத்தவர் எழும்பவில்லை. கடைசியாக என்னிடம் கேட்டது, "குளிசை போட்டியே, தம்பி?" என்பதுதான். எந்தத் தனிமைக்குப் பயந்து அவரை மறித்தேனோ, அதற்குள்தான் இப்போது இருக்கிறேன். வெளியே போக எனக்கு இடமில்லை.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை நடத்திய பங்குத்தந்தைக்கும், தோள் கொடுத்த அயலவருக்கும், மார்கழிதோறும் போறணையை விட்டுத்தந்த பேக்கரிக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பிள்ளைகளே, இதை உங்கள் அம்மா வாசித்துச் சொல்லுவார். அம்மம்மா பயந்தாங்கொள்ளி அல்ல. பயந்தவன் நான். அந்த ஈர்க்குக் கட்டை இம்மலரோடு உங்களுக்கு அனுப்புகிறேன். கூரை சரிந்தால் குத்துங்கள்.