பூசணிக்காய்க்கு அடுத்து வந்த சாவி

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவது நான்தான். ஐம்பது வயதில் சபை எனக்குக் கொடுத்திருக்கும் ஒரே பதவி அது. காணிக்கையாக வந்த சேவலைத் தூக்கிப் பிடித்து நாலு கிண்டல் பேசினால் போதும், நோஞ்சான் சேவலும் நல்ல விலைக்குப் போகும்.

இந்த வருடம் பூசணிக்காயை விற்றுவிட்டு அடுத்ததை எடுக்க மேசையில் கை வைத்தேன். ஒரு சாவி தட்டுப்பட்டது.

"யாருதுங்க இது? வண்டிச் சாவியக் காணிக்கையில போட்டுட்டு ஊட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று மைக்கில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம்தான் சாவியில் இருந்த சிவப்பு நாடாவைப் பார்த்தேன். நான் கட்டிய நாடா. அஸ்தம்பட்டியில் நானும் அக்காவும் இருக்கும் ஓட்டு வீட்டின் வாசல் சாவி.

கோயில் கட்டுவதற்கு முன் சபை கூடியது அந்த வீட்டுக் கூடத்தில்தான். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த அக்காவின் பெயரில் அப்பா அதை எழுதிவைத்தார். "எனக்கப்பறம் உனக்குத்தான் சாமி" என்று அக்கா சொல்லாத வருடமில்லை. அதை நம்பி ஒவ்வொரு மழைக்கும் கூரை மேல் ஏறி ஓடு மாற்றினேன். வேறு வீடு வாங்கத் துப்பில்லாததும் ஒரு காரணம்.

போதகர் மைக்கை வாங்கினார். அக்கா வீட்டைக் கிறிஸ்தவ அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டாராம். ஆதரவில்லாத முதியவர்களுக்கு இல்லமாம். கைதட்டல் ஓயவே இல்லை. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

மைக் திரும்பி வந்ததும், "நான் சம்மதிக்கலைங்க" என்றேன். சபை குலுங்கிச் சிரித்தது.

"அண்ணன் எப்படி நடிக்கறாரு பாருங்க!" என்றது பின்வரிசை.

முன்வரிசையில் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இறங்கிப் போய்க் கேட்டேன்.

"எல்லார்த்துக்கும் தெரிஞ்சிருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களாக்கா?"

"சொன்னா நீ எதையாவது பேசிச் சிரிக்க வெச்சுருவ சாமி. அப்பறம் எனக்குக் குடுக்க மனசு வராது."

"அப்ப நானு?"

"உன்னைய ஆரு தொரத்தறா? முதியோர் இல்லந்தான? வயசாச்சுன்னா மொத எடம் உனக்குத்தான்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். அக்காவுக்கு ஜோக் அடிக்கத் தெரியாது.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கேட் தூணில் கொத்தனார் கல்வெட்டைப் பதித்துக்கொண்டிருந்தார். சாக்கு சுற்றிக் கோயிலுக்கு வந்த அந்தக் கல்லை முந்தின நாள் ஆட்டோவிலிருந்து இறக்கியதே நான்தான். "ஆரு கல்லறைக்குங்க?" என்று கேட்டு ஆட்டோக்காரரைச் சிரிக்க வைத்தேன்.

"நேரா இருக்குதுங்களா, பாருங்க" என்றார் கொத்தனார்.

தள்ளி நின்று பார்த்தேன். அப்பா பெயர் இருந்தது. அக்கா பெயர் இருந்தது.

"எடது பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்குதுங்க" என்று சொல்லி, போய் ஒரு கை பிடித்தேன்.