மூன்று கேஸ்கெட்டும் ஒரு தகரப் படமும்

மூன்று அமாவாசை, மூன்று ஹெட் கேஸ்கெட். மைசூரில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக் ஷெட் நடத்தும் ஜடையனின் மானம் இந்த இரண்டு மூன்றுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. வேறு யாருடைய காராக இருந்தாலும் சமாளித்திருப்பார். இது மாமனார் கரியப்பனுடையது.

அமாவாசைதோறும் கரியப்பன் அந்தப் பழைய டீசல் காரில் சொந்தக்காரர்களை அடைத்துக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்புவார். மலைக்கு முந்தைய ஊரான கௌதள்ளி வரை வண்டி சிட்டாய்ப் பறக்கும். மலை வளைவுகள் தொடங்கியதும் கொதித்து, வெள்ளைப் புகை கக்கி நின்றுவிடும். திறந்தால், என்ஜினில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய், இரண்டும் கலந்து பால் காப்பி நிறம்.

ஜடையன் எதையும் விட்டுவைக்கவில்லை. ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் பிடித்தார். போல்ட்டு, தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், கடைசியில் ரேடியேட்டரையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் சாமுண்டி மலையில் ஏற்றி இறக்கிப் பார்த்தார். சூட்டு முள் நடுவைத் தாண்டவேயில்லை.

இந்த வருடம்தான் கரியப்பன் காரின் முகப்பில், இரண்டு விளக்குகளுக்கும் இடையே, புலிமேல் அமர்ந்த மாதேஸ்வரனின் பெரிய தகரப் படத்தை மாட்டியிருந்தார். கிரீஸ் கையால் சாமியைத் தொடலாமா? ஜடையன் வேலைக்கு முன் செருப்பைக் கழற்றி, கை கழுவி, படத்தை எடுத்து அலமாரியில் வைத்து ஊதுபத்தி கொளுத்துவார். எல்லாச் சோதனையும் முடிந்து மாமனார் சாவி வாங்க வரும்போதுதான் திரும்ப மாட்டிக் கற்பூரம் காட்டுவார்.

"நாலாவது தடவயும் போச்சுன்னா அந்த போர்டக் கழட்டிப் போடு மாப்ள" என்றார் கரியப்பன். ஷெட் வாசலில் 'ஹெட் கேஸ்கெட் நிபுணர்' என்று கன்னடத்தில் எழுதியிருந்தது.

"நானே கழட்டறனுங் மாமா. ஆனா இந்தத் தடவ நானும் வர்றேன்."

அந்த அமாவாசையன்று மலையின் நான்காம் வளைவிலேயே முள் ஏறத் தொடங்கியது.

"நிபுணர் கூட வந்தும் இதே கதிதானா?" என்றார் பின்னால் இருந்த மாமியார் கமலம்மாள்.

வண்டியை நிறுத்தச் சொல்லி ஜடையன் இறங்கினார். செருப்பைக் கழற்றினார், படத்தை எடுத்தார், பானட்டைத் திறந்தார். நல்லவேளை, எதுவும் உடையவில்லை. சூடு தணிய அரைமணி நேரம் நின்றார்கள். நடந்து போன பக்தர்கள் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். அந்தக் கலவரத்தில் ஜடையன் படத்தை மாட்ட மறந்து, மடியில் வைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

பத்தாம் வளைவு. பதினைந்தாம் வளைவு. முள் நடுவிலேயே நின்றது.

"சாமி மடியில உக்காந்திருக்குதில்ல, அதான்" என்றார் கமலம்மாள்.

ஜடையன் குனிந்து படத்தைப் பார்த்தார். ரேடியேட்டரின் அதே அகலம். ஒரு ஓட்டை கிடையாது.

"மாமா... ரேடியேட்டருக்குக் காத்துப் போற வழிய அடச்சுப்போட்டமுங்."

"யாரு அடச்சது?"

"படம் வாங்குனது நீங்கதானுங்."

"மூணு தடவயும் ரிப்பேர் பண்ணி முடிச்சுத் திரும்ப மாட்டுனது?"

ஜடையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாந்தானுங்."

"அதும் கற்பூரம் காட்டி!" என்றார் கரியப்பன்.

அன்று கார் சொந்தக் காலில் மைசூர் திரும்பியது. போர்டு ஷெட் வாசலிலேயே இருக்கிறது. அடுத்த அமாவாசைக்குக் கார் காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது; படம் கமலம்மாளின் மடியில் வரும்.