மாஸ்ட் உச்சியில் ஒரு படம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கும் நாங்கள், அது எந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் ஆயுத பூஜைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு, படுத்திருக்கும் மாஸ்ட்டை நிமிர்த்தி நிறுத்துவோம். தென்னை உயர இரும்புக் கம்பம் அது. அதன் உச்சியில் எங்கள் போர்வெல்லின் பெயர் எழுதியிருக்கும்.

போன பூஜைக்கு அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்துப் போடும் பைத்தியம் எங்கள் பக்கத்துப் பையன்களைப் பிடித்துக்கொண்டது. கல்லூரியில் படிக்கும் என் மகனும் ஏறினான். படத்தைப் பார்த்ததும் நான் அவனைத் திட்டித் தீர்த்தேன். என் வீட்டுக்காரரோ, வண்டிப் பெயர் பளிச்சென்று விழுந்திருக்கிறதென்று அதையே வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். மகனைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசியறியாத மனிதர். "அந்தப் போட்டோவுல இருக்கற வண்டிதானுங்களா?" என்று கேட்டுப் புது ஆட்கள் கிணறு தோண்டக் கூப்பிட்டார்கள். சொந்தபந்தம் ஒன்று விடாமல் ஹார்ட் போட்டது. நான் வாயைத் திறந்தால், பொம்பளைக்கு எதற்கெடுத்தாலும் பயந்தான் என்று சிரித்தார்கள்.

பிறகு ஓமலூர்ப் பக்கம் ஒரு பையன் இப்படி ஏறி, விழுந்து செத்துப்போனான். அவ்வளவுதான், ஊர் திரும்பிக்கொண்டது. ஹார்ட் போட்டவர்களே பெற்றவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று எழுதினார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் எங்கள் சனத்துக்கு ஈடு கிடையாது. போலீஸ்காரர்கள் வீடு வீடாக வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் கைகட்டித் தலையாட்டினார், முகப்புப் படத்தையும் எடுத்துவிட்டார். இனி ஏற மாட்டேன் என்று மகன் என்னிடம் சொன்னான். நம்பத்தான் செய்தேன். ஆனாலும் இந்த வருஷம் பூஜைக்கு வண்டி வந்து நின்றதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூஜையன்று காலை பொரிகடலைத் தட்டோடு வண்டி நின்ற இடத்துக்குப் போனேன். முந்தின நாள் தூறலில் இரும்பெல்லாம் ஈரமாக இருந்தது. மாஸ்ட் உச்சியில் என் மகன், புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான். கத்த வந்தது. கத்தினால் பதறித் திரும்புவானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கீழே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அவன் அப்பா.

"கைய எடு சாமி, பேரு மறையுது" என்றார்.

என் மகன் கையை எடுத்தான்.