அப்பா கட்டிய கடனும் கட்டாத கடனும்

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எதைப் பற்றி வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள். கல்விக் கடன் தள்ளுபடி பற்றிப் பேச்சு வந்துவிட்டால் மட்டும் நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடுவேன். "வாங்கத் தெரியுதுல்ல, கட்டத் தெரியாதா? நம்ம வரிப்பணம் என்னா தெருவுலயா கெடக்குது?" என்பார் கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணன். "பெரிய மொதலாளின்னா விட்டுக் குடுப்பாங்க, படிக்கிற புள்ளைங்ககிட்டதான் கணக்குப் பாப்பாங்களா?" என்று எதிர் மேசை அக்கா எகிறுவார். இரண்டு பேரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். இரண்டு பேரில் யார் பேசுவதைக் கேட்டாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவர்களுக்கு இது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு ஊறுகாய். எனக்கு இது என் தங்கையின் நர்சிங் சீட்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இது புரியாது. காடாம்புலியூரில் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரிக் கொல்லை, ஓரமாகச் சில பலா மரங்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு புயல் வந்து முந்திரி மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிப் புதுக் கன்றுகள் வைத்தார். கெடு வருவதற்குள்ளேயே பலா விற்ற காசு, கூலிக்குப் போன காசு, அம்மாவின் தோடு என்று எல்லாவற்றையும் திரட்டிக் கடனைக் கட்டி முடித்தார். அதற்கப்புறம் கொஞ்ச நாள்தான். விவசாயக் கடன் எல்லாம் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு தவணைகூடக் கட்டாதவர்களுக்கு மொத்தப் பாக்கியும் போனது. அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. கட்டியவர்களுக்குத் திருப்பித் தர மாட்டார்களாம்.

டீக்கடையில் மச்சான் முறைக்காரர்கள் அவரை விடவே இல்லை. "என்னா மச்சான், அவசரப்பட்டுக் கட்டிட்டியாமே? சொசைட்டிக்காரன் மாலை கீலை போட்டானா?" என்பார்கள். அப்பாவும் கூடவே சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசுவார். "பொழைக்கத் தெரியாதவன்டி நானு" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா வெறுங்காதோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த அவமானம் அவரை விட்டுப் போகவே இல்லை என்று இப்போது தெரிகிறது.

பிறகு எனக்குச் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்க இடம் கிடைத்தது. பேங்கில் கல்விக் கடன் வாங்கினோம். கடன் என் பெயரில், கூட அப்பாவின் கையெழுத்து. அப்போது என்னிடம் போன் இல்லாததால் அப்பாவின் நம்பரையே கொடுத்தோம்; பேங்கிலிருந்து எது வந்தாலும் அவருக்குத்தான் வரும். படித்து முடித்துக் கடலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, செம்மண்டலத்தில் வேறு சில பெண்களோடு ஒரு அறையில் தங்கினேன். சம்பளம் வந்த அன்றைக்கே கடனுக்கான பணத்தை அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன். ஊர்க் கிளையில் அவர் கட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. "கட்டியாச்சாப்பா?" என்று கேட்பேன். "அதெல்லாம் நான் பாத்துக்குறேன், நீ வேளாவேளைக்கு ஒழுங்கா சாப்புடு" என்பார். நானும் சாப்பிட்டேன்.

அப்பா கட்டவில்லை.

அது தேர்தல் சமயம். கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப் போனார்கள். டீக்கடையிலும் அதே பேச்சுதான். இந்த முறை அப்பா இளிச்சவாயனாகத் தயாராக இல்லை. நான் அனுப்பிய பணத்தைச் சேர்த்துவைத்து, அவ்வப்போது பண்ருட்டிக்குப் போய் நகையாக வாங்கி வைத்தார். எல்லாம் தங்கைக்கு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மற்ற பிள்ளைகள் பொம்மைக்கு ஊசி போடும். இவள் கால் ஒடிந்த கோழிக்குஞ்சுக்குக் குச்சி வைத்துக் கட்டி நடக்கவிட்டவள். பெரியவளின் கடன் தள்ளுபடி ஆகிவிடும், அந்தப் பணத்தில் சின்னவள் படிப்பாள். இதுதான் அப்பாவின் கணக்கு. தனக்கென்று ஒரு பைசா எடுக்கவில்லை, அதுதான் கொடுமை. பேங்கிலிருந்து வீடு தேடி வந்தவரைக்கூட, "அதான் தள்ளுபடி ஆவப்போவுதே சார்" என்று மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்!

தேர்தல் முடிந்தது. தள்ளுபடி வரவில்லை. இது எதுவும் தெரியாமல் நான் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

தங்கை பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். சிதம்பரம் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அன்றைக்கு அவள் கண்ணாடி முன்னால் நின்று முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுப் பார்த்தாள். "எப்படிக்கா இருக்கு?" என்றாள். "ஊசி போடுற மூஞ்சிதான்" என்று கேலி செய்தேன். மறுநாள் நான், அப்பா, அவள் மூன்று பேரும் அவளுக்குக் கடன் கேட்டுப் பேங்குக்குப் போனோம்.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஒங்க லோனே அப்படியே நிக்குதேம்மா. ஒரு தவணைகூட வரலையே."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தங்கையைப் பார்த்தார். பேங்க் என்றும் பார்க்காமல் கத்தினேன். "மாசாமாசம் அனுப்புனேனேப்பா! காசெல்லாம் எங்கப்பா போச்சு?"

"எங்கயும் போவலம்மா. சின்னவளுக்குத்தான் நகையா வாங்கி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. "அப்ப சொசைட்டிக் கடனக் கட்டிட்டு நின்னேனே, அந்த மாதிரி ஆயிடக் கூடாதுன்னுதான்…"

மேனேஜர் கெட்டவர் இல்லை. "மொதல்ல பழசக் கட்டிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார். கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னதாகவே நாங்கள் எடுத்துக்கொண்டோம். சீட் கையில் இருக்கும்போது வேறு எப்படி எடுத்துக்கொள்வது? நகை மொத்தத்தையும் விற்றோம். போதாததற்கு அந்த வருஷத்துப் பலாக் காய்ப்பை வியாபாரிக்கு அடிமாட்டு விலைக்கு விட்டோம். அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கட்டியிருந்தால் முதல் வருஷமாவது உள்ளே நுழைந்திருப்பாள். அப்புறம் வரும் வருஷங்களுக்கு என்ன செய்வது என்று பயந்து, வட்டியும் முதலுமாகப் பேங்கில் கொட்டினோம்.

கொட்டிவிட்டு அவளுக்கு விண்ணப்பம் போட்டோம். முடியாது என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. அத்தனை காலம் கட்டாமல் கிடந்த குடும்பம், அதே அப்பாவின் கையெழுத்து, உடனே இன்னொரு கடன் கிடையாதாம். என் பெயரில் வேறு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். கெட்டுப்போயிருந்ததே என் பெயர்தான், யார் கொடுப்பார்கள்? உறவுக்காரர்கள் வீட்டு வாசலில் அப்பா ஏறி இறங்கினார். "கடன வாங்கிட்டுக் கட்டாத ஆளாச்சே மாமா நீங்க" என்று ஒருத்தன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான். பணம் கட்டும் கெடு முடிந்தது. சீட் வேறு யாருக்கோ போனது.

தங்கை அழவில்லை. அப்பாவைத் திட்டவும் இல்லை. "விடுப்பா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் முந்திரிப் பூ கருகிப்போய்க் கையில் காசில்லை. அதற்கடுத்த வருஷம் நான் கேட்டபோது, "வேணாம்க்கா, கூடப் படிச்சதுங்க எல்லாம் பாதி படிப்ப முடிச்சிடுச்சுங்க" என்றாள். இப்போது கடலூரில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். நான் அப்பாவோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டித் தொலைக்க வேண்டியதுதானே!

அப்பாவைத் தனியாக நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. கட்டியபோது பிழைக்கத் தெரியாதவன் என்றார்கள். கட்டாதபோது ஏமாற்றுக்காரன் என்றார்கள். அந்த மனுஷன் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் யாராவது எனக்குச் சொல்லட்டும்.

போன மாதம் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் தங்கையும் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தோம். காலையில் நர்சிங் படிக்கிற பிள்ளைகள் வார்டுக்கு வருவார்கள். அன்று அப்பாவுக்கு ரத்தம் எடுக்க ஒரு பெண் வந்தாள். கன்னத்தில் இன்னும் பருகூடப் போகாத சின்னப் பெண். "அப்பா, கையை நீட்டுங்க" என்று சொல்லி முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டினாள்.

அப்பா சும்மா இருக்காமல் பேச்சுக் கொடுத்தார். "எந்த ஊரும்மா?"

"அண்ணாகிராமம்ப்பா."

"அட, நம்ம பக்கம்தான். லோன் போட்டா படிக்கிற?"

"ஆமாம்ப்பா. ஆனா அத கட்ட வேணாமாம். எலக்‌ஷன் வருதுல்ல, எப்படியும் தள்ளுபடி ஆயிடும்னு எங்கப்பா சொல்லிட்டாரு" என்று சிரித்தாள்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். "அசையாதீங்கப்பா, ஊசி நகந்துடும்" என்றாள்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களாம்மா?"

"ஒரு தங்கச்சி. டென்த் படிக்குது."

அப்பா தங்கையைப் பார்த்தார். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. அந்தப் பெண் பயந்துபோய், "ரொம்ப வலிக்குதாப்பா?" என்று கேட்டாள்.

"ஒங்கப்பாவ கட்டச் சொல்லும்மா" என்றார் அப்பா. "தங்கச்சி இருக்குதில்ல. கட்டிடச் சொல்லும்மா."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உடம்பு முடியாதவர்கள் எதையாவது சொன்னால் தலையாட்டுகிற மாதிரி, "சரிப்பா, சொல்றேன்" என்றாள். பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

நான்தான் அப்பாவின் கண்ணைத் துடைத்தேன். தங்கை பக்கத்தில்தான் நின்றிருந்தாள், ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு கட்டிலாக நின்று, கையைப் பிடித்து, நரம்பைத் தேடி, ஊசி குத்தி எடுத்துக்கொண்டு போனாள். கடைசிக் கட்டில் வரைக்கும் என் தங்கை அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.