கிராஃபீனுக்குக் கீழே இருந்தது

நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். கலகெதரயிலிருந்து கண்டிக்கு வந்து, இன்னொரு பஸ் பிடித்து வருகிற முஸ்லிம் பெண். என்னைவிடச் சற்று மூத்தவர். நான் ஹந்தானை மலையிலிருந்து இறங்கி வருவேன். முதல் நாளே அவரை அக்கா என்றேன், அப்படியே நிலைத்துவிட்டது.

எங்கள் வேலை கிராஃபீன். பென்சில் காரீயமான கிராஃபைட்டில் டேப்பை ஒட்டி, திரும்பத் திரும்ப உரித்தால், ஒரே ஓர் அணு தடிப்புள்ள படலம் கிடைக்கும். அதைச் சிலிக்கன் தட்டின் ஒக்சைட் பரப்பில் வைத்து மின்சாரம் எப்படிப் பாய்கிறதென்று அளப்போம். இலத்திரன்கள் அதில் தங்குதடையின்றி ஓடும் என்று படித்திருந்தேன். என் படலங்களில் அவை தடுக்கி விழுந்துகொண்டிருந்தன. மழை நாட்களில் இன்னும் மோசம்.

"நான் உரிக்கிறதுதான் சரியில்லக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அக்கா நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "படலம் நல்லாத்தான் ஈக்கு. அது எதுக்கு மேல ஈக்குன்னு யோசிச்சீங்களா? ஒரு அணு தடிப்புத்தானே. கீழ உள்ள மேடு பள்ளம், ஈரம், மின்னேற்றம் எல்லாமே அதப் பாதிக்கும்."

எங்கள் ஆய்வு மேற்பார்வையாளருக்குச் சந்தேகம், கருவியில் பிழை இருக்கலாம் என்றார். அக்கா வாதாடவில்லை. ஒரே படலத்தின் ஒரு பாதியை ஒக்சைட்டிலும் மறு பாதியை போரன் நைத்திரைட் பளிங்கிலும் வைத்து அளக்கலாம் என்றார். அந்தப் பளிங்கின் பரப்பு மிகவும் சமதளமானது, மின்னேற்றமும் குறைவு.

முதல் படலம் கிழிந்தது. அடுத்தது சுருங்கியது.

"விட்டுருவோமேக்கா" என்றேன்.

"இன்னொண்டு உரிங்க. நான் வைக்கிறேன்."

மூச்சை அடக்கிக்கொண்டு அவர் அதை இறக்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பாதி ஒக்சைட்டிலும் பாதி பளிங்கிலுமாகச் சரியாக அமர்ந்தது. "தட்டு சூடாகி ஈரம் போகட்டும். லுஹர் தொழுதுட்டு வாறேன்" என்று போனார்.

பிறகு மின்வாய்கள் பொருத்தி அளந்தோம். வெளியே மழை. ஒக்சைட் பாதியில் பழைய தடுமாற்றம்தான். பளிங்குப் பாதியில் இலத்திரன்கள் பலமடங்கு இலகுவாக ஓடின. நான் துள்ளிக் குதித்தேன்.

"மாஷா அல்லாஹ்" என்ற அக்கா, உடனே கம்பிகளைக் கழற்றினார். "சந்தோஷப்பட முந்தி கம்பிய மாத்திப் போட்டு இன்னொரு தரம் அளப்போம்."

மறுபடியும் அதே விடை. மேற்பார்வையாளரே எழுந்து வந்து திரையைப் பார்த்தார். கருத்தரங்கில் அக்காவையே பேசச் சொன்னார். அங்கே ஒருவர், முன்பு செய்ததெல்லாம் வீண்தானா என்று கேட்டார்.

"வீணில்லை" என்றார் அக்கா. "அதுவரைக்கும் நாங்க ஒக்சைட்டைத்தான் அளந்துகொண்டிருந்தோம். அது இப்பதான் எங்களுக்குத் தெரியவந்தது."

எறிவதற்காக ஒதுக்கியிருந்த என் மாதிரிகளை மறுநாள் திரும்ப எடுத்தேன். ஒவ்வொன்றும் எந்தப் பரப்பில் இருக்கிறதென்று பெட்டியின் மேல் எழுதத் தொடங்கினேன்.